தீர்ப்பு வராமல் முடிந்த வழக்கு: இஸ்ரேல் ஃபொலாவும் ரக்பி ஆஸ்திரேலியாவும்

2019 ஏப்ரல் 6 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரிலுள்ள ஈடன் பார்க் மைதானத்தில் ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் சூப்பர் ரக்பி தொடரில் தம் 60ஆவது டிரையை (எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுப்பது) பதித்தார். அந்தத் தொடரின் வரலாற்றில் வேறெவரும் அத்தனை டிரை எடுத்திருக்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அவர் ஒரு படத்தைப் பகிர்ந்தார். குடிகாரர், தன்பாலீர்ப்பாளர், விபசாரக்காரர், பொய்யர், வேசித்தனம் செய்வோர், திருடர், நாத்திகர், விக்கிரக ஆராதனைக்காரர் என எட்டு வகையினரை வரிசைப்படுத்தி, அவர்களுக்கு நரகம் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள், இயேசு மட்டுமே இரட்சிக்கிறார் என்று அந்தப் படம் எச்சரித்தது. மறுநாளே அந்நாட்டு ரக்பியின் தேசிய நிர்வாக அமைப்பான ரக்பி ஆஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸ் மாநில ரக்பி அமைப்பும் அவரைப் பணிநீக்கம் செய்ய எண்ணியிருப்பதாக அறிவித்தன. மே 17 அன்று அவருடைய ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது.

தம் சமய நம்பிக்கையைப் பொதுவெளியில் சொன்ன விளையாட்டு வீரரை அவருக்குச் சம்பளம் தரும் அமைப்பு தண்டிக்கலாமா என்ற விவாதம் எங்கு எழுந்தாலும், முதலில் எடுத்துக்காட்டப்படுவது இந்த நிகழ்வுதான். அப்படி எடுத்துக்காட்டுகிறவர்களில் பலர் ஒன்றைக் கவனிப்பதில்லை. அமைப்பின் விதிகளின்படி அமைந்த உள் விசாரணைக் குழு ஒன்று முடிவெடுத்தது. அந்த முடிவை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே சமரசத்தில் முடிந்தது. எந்த நீதிமன்றமும் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆகவே இதை மத சுதந்திரத்தின் வெற்றி என்றோ முதலாளியின் உரிமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்றோ சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. இந்தச் சிக்கலின் மூலக்கோளாறு அந்த ஏப்ரல் பதிவுக்கு ஓராண்டு முன்பே நேர்ந்துவிட்டது என்பது என் கருத்து. அதை விளக்குவதற்காகவே நிகழ்வுகளை வரிசையாகப் பார்க்கிறேன்.

வீரரும் அவர் சமயமும்

ஃபொலாவ் 1989இல் சிட்னியில் ஒரு டோங்கா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். 13 பேர் ஆடும் ரக்பி லீக், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் ஆகிய மூன்றிலும் உயர்மட்டத்தில் ஆடிய மிகச் சிலரில் ஒருவர். 2013இல் ரக்பி யூனியனுக்கு வந்த பிறகு நாட்டுக்காக 73 டெஸ்ட் (பன்னாட்டு) ஆட்டங்களில் 37 டிரை எடுத்தார். மார்மோன் குடும்பத்தில் வளர்ந்த அவர் 2011இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபைக்கு மாறினார். பின்னர் சிட்னியில் தம் தந்தை போதகராக இருக்கும் சிறு சபையில் ஈடுபட்டு, அங்கே பிரசங்கமும் செய்தார்.

டோங்கா, சமோவா, பிஜித் தீவுகளில் வேர்கொண்ட குடும்பங்களில் சபை என்பது ஞாயிற்றுக்கிழமை காலையோடு முடிந்துவிடும் ஒன்றன்று. உறவு, இசை, திருமணம், சாவு எல்லாம் அதைச் சுற்றியே நடக்கும். அந்தத் தீவுகளின் வம்சாவளியினர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் ரக்பி அணிகளில் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணி வீரர்களும் மைதானத்தின் நடுவே வட்டமாக மண்டியிட்டு ஜெபிக்கும் காட்சி அந்த விளையாட்டின் ரசிகர்களுக்குப் பழக்கமானது. இந்த விவகாரத்தின்போது அவருடைய சக வீரரான தனியெலா டுப்போ, தம்மையும் உலகெங்கும் உள்ள மற்ற பசிபிக் தீவு வீரர்களையும் சேர்த்தே நீக்கிவிடலாம், ஏனென்றால் தாங்களும் அதே நம்பிக்கை உடையவர்கள்தான் என்று எழுதியதன் வலி இந்தப் பின்னணியிலிருந்துதான் விளங்கும். ஒரு தனிமனிதரின் பிடிவாதமாக வெளியிலிருந்து தெரிந்தது, ஓய்வறையில் இருந்த பலருக்குத் தங்கள் தாய் தந்தையரின் நம்பிக்கை குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டதாகத் தெரிந்தது.

அதே ஃபொலாவ் 2014இல், சிட்னியில் நடந்த பிங்காம் கோப்பை என்னும் தன்பாலீர்ப்பாளர் ரக்பிப் போட்டியை ஆதரித்து, ஸ்டார் அப்சர்வர் என்ற தன்பாலீர்ப்பாளர் இதழின் அட்டையில் தோன்றியிருந்தார். ஐந்தே ஆண்டுகளில் அவர் வந்து சேர்ந்த இடத்தைப் பார்க்கும்போது, அவருடைய நம்பிக்கை காலப்போக்கில் இறுகியது தெரிகிறது. அவருக்கு வேலை தந்த அமைப்பு அந்த மாற்றத்தைத் தொடக்கத்திலேயே கணித்திருக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அமைப்பின் தரப்பு

ரக்பி ஆஸ்திரேலியாவின் நிலைப்பாட்டை வெறும் வணிகக் கணக்கு என்று ஒதுக்குவது நியாயமாகாது. 2014இல் ஆஸ்திரேலியாவின் பெரிய விளையாட்டு அமைப்புகள் பலவும் தன்பாலீர்ப்பாளர் வெறுப்பை ஒழிப்பதாகக் கூட்டாக உறுதி அளித்தன. ரக்பி அமைப்பும் அவற்றுள் ஒன்று. 2015இல் வரட்டாஸ் அணியின் ஜாக் பாட்கீட்டர் ஆட்டத்தின் நடுவே எதிரணியினரைத் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் சொல்லால் ஏசியபோது, எதிரணியில் ஆடிய டேவிட் போகாக் அதை நடுவரிடம் அங்கேயே முறையிட்டார். பாட்கீட்டருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டு, அதில் பாதி நிறுத்தி வைக்கப்பட்டது. விதியும் தண்டனையும் ஃபொலாவுக்காகவே திடீரென உருவாக்கப்பட்டவை என்ற வாதம் இதனால் அடிபட்டுப் போகிறது.

தொழில்முறை வீரர்களுக்கான நடத்தை விதித் தொகுப்பு, பாலினம், பாலீர்ப்பு, இனம், பண்பாடு, சமயப் பின்னணி, வயது, உடற்குறை ஆகிய எதனையும் பொருட்படுத்தாமல் எல்லோரையும் சமமாகவும் நியாயமாகவும் கண்ணியத்தோடும் நடத்த வேண்டும் என்று வீரர்களைக் கட்டுப்படுத்தியது. இந்த விதிகளை மீறும் வகையில் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றும் அது சொன்னது. பாலீர்ப்பைக் காக்கும் அதே வாக்கியமே சமயப் பின்னணியையும் காக்கிறது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் எது முந்தும் என்பதை அந்தத் தொகுப்பு சொல்லவில்லை.

இந்தப் பதிவால் உண்மையில் காயப்பட்டவர்கள் இருந்தார்கள். தன்னை யாரென்று வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையனுக்கு, அவன் அறையின் சுவரில் ஒட்டியிருக்கும் படத்திலுள்ள வீரரே நீ நரகத்துக்குப் போவாய் என்று எழுதுவது, முன்பின் அறியாத ஒருவர் எழுதுவதைப் போன்றதன்று. அவன் பசிபிக் தீவுக் குடும்பத்துப் பையனாக இருந்தால் அந்தச் சொல் இரண்டு பக்கத்திலிருந்தும் அவனை நெருக்கும். ஃபொலாவின் தரப்பை நியாயமாகப் பேச விரும்புகிறவர்கள் இந்தப் பையனை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

கோடு கிழிக்கப்படாத ஓராண்டு

2017 செப்டம்பரில், ஒருபாலினத் திருமணம் குறித்து அஞ்சல் வழிக் கருத்துக்கணிப்பு நடந்துகொண்டிருந்தபோது, தாம் எல்லோரையும் மதிப்பதாகவும் ஆனால் அத்தகைய திருமணத்தை ஆதரிக்கப் போவதில்லை என்றும் ஃபொலாவ் ட்விட்டரில் எழுதினார். ரக்பி அமைப்பு ஆதரவுப் பக்கம் நின்றபோதும் அவரைக் கண்டிக்கவில்லை. அது சரியான முடிவு. நாடே வாக்களிக்கும் ஒரு பொருளில் குடிமகன் தன் வாக்கைச் சொன்னதற்கு வேலை கொடுத்தவர் குறுக்கிடுவது தகாது.

2018 ஏப்ரல் 4 அன்று நிலைமை வேறானது. தன்பாலீர்ப்பாளருக்குக் கடவுள் வைத்திருக்கும் திட்டம் என்ன என்று இன்ஸ்டாகிராமில் ஒருவர் கேட்டதற்கு, பாவங்களை விட்டு மனந்திரும்பிக் கடவுளிடம் திரும்பாவிட்டால் நரகம் என்று அவர் பதில் எழுதினார். கண்டனங்கள் குவிந்தன. ரக்பி ஆஸ்திரேலியாவின் தலைமைச் செயல் அதிகாரி ரெய்லீன் காஸில் சில நாள்களில் அவரைச் சந்தித்துப் பேசினார். தண்டனை எதுவும் விதிக்கப்படவில்லை. அதற்குப் பிறகு ஃபொலாவ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். தம் நம்பிக்கையிலிருந்து பின்வாங்கப் போவதில்லை என்றும், தம்மால் விளையாட்டுக்குக் கேடு நேர்கிறது என்று கருதினால் ஒப்பந்தத்திலிருந்து விலகத் தயார் என்று அந்தச் சந்திப்பில் சொன்னதாகவும், தாம் சொன்னவற்றை அமைப்பு வெளியே விளக்கிய விதம் சரியில்லை என்றும் அதில் தெரிவித்தார்.

இந்த இடத்தில்தான் என் ஆய்வு நிலைகொள்கிறது. ஒரு வீரர் தாம் இதை மறுபடியும் செய்வேன் என்று ஏறத்தாழ எழுத்திலேயே சொல்லிவிட்டார். அவருடைய ஒப்பந்தமோ முடியும் கட்டத்தில் இருந்தது. விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா, வைத்துக்கொண்டால் எந்த நிபந்தனையில் என்பதை இரு தரப்பும் சுதந்திரமாகப் பேசி முடிவு செய்ய இதைவிட நல்ல தருணம் வராது. ஆனால் 2018இன் பிற்பகுதியில் 2022 வரை நீளும் நான்காண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மதிப்பு சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்று ஊடகங்கள் மதிப்பிட்டன. சமூக ஊடகப் பதிவுகள் குறித்து அமைப்பு சேர்க்க விரும்பிய தனி நிபந்தனைகள் அந்த ஒப்பந்தத்தில் இடம்பெறவில்லை என்று பின்னர் செய்திகள் வெளியாயின. பொதுவான நடத்தை விதித் தொகுப்பு மட்டுமே அவரைக் கட்டுப்படுத்தியது.

முந்தைய ஆண்டு நிகழ்வுகளுக்குப் பிறகு ஃபொலாவ் முறையாகவும் திரும்பத் திரும்பவும் எச்சரிக்கப்பட்டார் என்று 2019 ஏப்ரலில் காஸில் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. எச்சரிக்கை இருந்தது, ஆனால் அந்த எச்சரிக்கை, இன்னது எழுதினால் வேலை போகும் என்று இருவரும் ஒப்பமிட்ட வாசகமாக மாறவில்லை. மிகச் சிறந்த வீரர் ஒருவரை உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டில் இழக்க அமைப்புக்கு மனமில்லை. தம் நம்பிக்கையை ஒரு நிபந்தனைக்குள் அடைக்க அவருக்கு மனமில்லை. எனவே இரு தரப்பும் அந்த வாசகத்தைத் தவிர்த்து ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பதிவும் விசாரணையும்

2019 ஏப்ரல் பதிவு வெறும் வேதவசனம்தான், வசனத்தை எடுத்துச் சொன்னதற்காகத் தண்டிக்கிறார்கள் என்ற வாதம் அப்போது பரவலாக ஒலித்தது. அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். படத்திலிருந்த பட்டியல் 1 கொரிந்தியர் 6:9-10ஐ ஒட்டியது. படத்தின் கீழே அவர் இட்ட குறிப்பில் கலாத்தியர் 5:19-21ம் இருந்தது. தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டு பகுதிகளும் இப்படிப்பட்டவர்கள் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்றுதான் முடிகின்றன. நரகம் என்ற சொல் அங்கே வரவில்லை. பொய்யரும் நாத்திகரும் அந்தப் பட்டியல்களில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஆகவே அந்தப் படம் வசனமன்று, வசனத்தைப் பற்றி ஒருவர் கொண்ட விளக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: அதே குறிப்பில் இயேசு உங்களை நேசிக்கிறார், மனந்திரும்ப உங்களுக்குக் காலம் தருகிறார் என்றும் அவர் எழுதியிருந்தார். அவர் மனத்தில் அது சாபமாக இல்லை, நெருப்புப் பிடித்த வீட்டின் கதவைத் தட்டுவதாகவே இருந்தது. கேட்பவரின் காதில் அது எப்படி விழுந்தது என்பதும் சொன்னவரின் உள்ளத்தில் எப்படி இருந்தது என்பதும் இவ்வளவு தூரம் விலகி நிற்கும் பேச்சை ஒரு நடத்தை விதியால் அளப்பது எளிதன்று.

ஏப்ரல் 15 அன்று அவருக்கு மீறல் அறிவிப்பு அளிக்கப்பட்டது. அவர் விசாரணை கோரினார். மூவர் குழு அமைந்தது; அதில் ஒருவர் ரக்பி ஆஸ்திரேலியா நியமித்தவர், ஒருவர் வீரர் சங்கம் நியமித்தவர். மே முதல் வாரத்தில் மூன்று நாள் விசாரணை நடந்து, மே 7 அன்று உயர்நிலை மீறல் என்று குழு கண்டறிந்தது. ஒப்பந்தத்தை ரத்து செய்ய அந்த நிலை மட்டுமே போதுமானது. அதற்குக் கீழான நிலைகளில் அபராதமோ இடைநீக்கமோதான் விதிக்க முடியும். மேல்முறையீடு செய்ய அவருக்கு 72 மணி நேரம் இருந்தது. அந்த உள் நடைமுறையில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று கருதி அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

சட்டத்தின் முன் நின்ற கேள்வி

ஜூன் 6 அன்று அவர் பணியிடத் தகராறுகளைக் கையாளும் ஃபேர் வொர்க் ஆணையத்தை அணுகினார். சமரசப் பேச்சு அங்கே தோற்றதால் ஆகஸ்ட் 1 அன்று பெடரல் சர்க்யூட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவர் சார்ந்து நின்றது 2009ஆம் ஆண்டின் ஃபேர் வொர்க் சட்டத்தின் 772ஆம் பிரிவு. சமயம் உள்ளிட்ட சில காரணங்களுக்காகவோ, அக்காரணங்களையும் உள்ளடக்கிய காரணங்களுக்காகவோ ஒருவரைப் பணிநீக்கம் செய்யக் கூடாது என்கிறது அது. அதே சட்டத்தின் 351ஆம் பிரிவு இன்னும் விரிவான பாதுகாப்பைத் தருவதுதான் என்றாலும், அந்தந்த மாநிலத்தில் சட்டவிரோதமாக இல்லாத பாகுபாட்டுக்கு அது பொருந்தாது; நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1977ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டமோ சமயத்தின் பேரிலான பாகுபாட்டைத் தடை செய்யவில்லை. எனவே அவருக்கு இருந்த வாசல் குறுகலானது.

அந்த வாசலுக்குள் நுழைந்தபின் கேள்வி ஒன்றுதான்: அவர் ஏன் நீக்கப்பட்டார்? சமயத்துக்காகவா, நடத்தை விதியை மீறியதற்காகவா? சட்டம் இதில் தொழிலாளிக்கு ஓர் உதவி செய்கிறது. காரணம் தடைசெய்யப்பட்டதன்று என்று நிரூபிக்கும் பொறுப்பை முதலாளியின் மேல் வைக்கிறது. ஆனால் நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றத்தின் முந்தைய தீர்ப்புகள் அந்த உதவியைப் பெரிதும் குறைத்துவிட்டன. 2012இல் பெண்டிகோ தொழிற்கல்வி நிறுவன வழக்கில், முடிவெடுத்தவரின் மனத்தில் இருந்த உண்மையான காரணம் எது என்பதே கேள்வி என்று அந்த நீதிமன்றம் சொன்னது. 2014இல் பிஎச்பி நிலக்கரி வழக்கு இன்னும் நெருக்கமானது. வேலைநிறுத்தப் போராட்டத்தின்போது, வேலைக்குச் சென்றவர்களைக் கருங்காலிகள் என்று ஏசும் பலகையைப் பிடித்து நின்ற சுரங்கத் தொழிலாளி நீக்கப்பட்டார். போராட்டத்தில் பங்கேற்பது சட்டம் காக்கும் செயல். ஆயினும், அவரை நீக்கியவர் போராட்டத்துக்காக நீக்கவில்லை, நிறுவனத்தின் நடத்தைக் கொள்கைக்கு ஒவ்வாத சொல்லுக்காகவே நீக்கினார் என்பதை நீதிபதிகளில் பெரும்பான்மையோர் ஏற்றனர். பலகைக்குப் பதிலாக இன்ஸ்டாகிராம் படத்தையும் போராட்டத்துக்குப் பதிலாக நம்பிக்கையையும் வைத்துப் பார்த்தால் ரக்பி ஆஸ்திரேலியாவின் வாதம் தானாகவே எழுந்து நிற்கும்: நீ நம்பியதற்காக நீக்கவில்லை, நீ சொன்ன விதத்துக்காக நீக்கினோம்.

ஃபொலாவின் தரப்புக்கும் வலுவான பதில் இருந்தது. 1983இல் சயின்டாலஜி சபையின் வரி வழக்கில் அதே உயர்நீதிமன்றம், சமயம் என்பது நம்பிக்கையை மட்டுமன்றி அந்த நம்பிக்கையைச் செயலாக்கும் ஒழுகலாற்றையும் உள்ளடக்கியது என்று வரையறுத்தது. நற்செய்தியை அறிவிப்பதும் பாவத்திலிருந்து திரும்பும்படி அழைப்பதும் கடமை என்று போதிக்கும் சபையைச் சேர்ந்தவருக்கு, சொல்வதையும் நம்புவதையும் பிரிப்பது அவருடைய சமயத்தையே பாதியாக வெட்டுவதாகும். மேலும், பணிநீக்கத்துக்குரிய காரணங்களில் ஒன்றாகச் சமயம் இருந்தாலே 772ஆம் பிரிவுக்குப் போதும். அந்தப் பிரிவு தரும் விலக்கோ வேலையின் உள்ளார்ந்த தேவைகளைப் பற்றியது. பந்தைப் பிடிப்பதும் ஓடுவதும் முழுப்பின்வரிசை வீரரின் உள்ளார்ந்த தேவைகள். ஓய்வு நாளில் தம் சொந்தக் கணக்கில் மௌனமாக இருப்பது அப்படிப்பட்ட தேவைதானா? இக்கால விளையாட்டு வீரர் ஒரு முகமாகவும் விற்கப்படுகிறார், எனவே அதுவும் தேவைதான் என்று ஒரு நீதிபதி கருதியிருக்கலாம். அப்படியில்லை என்றும் கருதியிருக்கலாம். எனக்கு இந்தக் கேள்வியில் அவருடைய தரப்பே சற்று வலுவாகப் படுகிறது, ஏனென்றால் சந்தை மதிப்பை வேலையின் உள்ளார்ந்த தேவையாக ஏற்றுக்கொண்டால் எந்தத் தொழிலாளியின் எந்த நம்பிக்கையும் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கு அடகு வைக்கப்பட்டுவிடும்.

அவருடைய வழக்கு 2020 பிப்ரவரியில் விசாரணைக்கு வருவதாக இருந்தது. அதற்கிடையே, 2019 ஆகஸ்ட் 7 அன்று, புனைபெயரில் அரசை விமர்சித்து ட்வீட் செய்த அரசு ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்தை உயர்நீதிமன்றம் செல்லுபடியாக்கியது. அது சமயம் பற்றிய வழக்கன்று. ஆனால் அலுவலக நேரத்துக்கு வெளியே எழுதியவை தப்பிவிடும் என்ற நம்பிக்கையை அது தகர்த்தது.

பணமும் சமரசமும்

ஸ்பான்சர்களின் கை இதில் எவ்வளவு இருந்தது என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது. தேசிய அணியின் முதன்மை ஸ்பான்சரான குவாண்டாஸ் விமான நிறுவனம் பதிவைக் கண்டித்தது; அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஆலன் ஜாய்ஸ் தம்மைத் தன்பாலீர்ப்பாளராக வெளிப்படையாக அறிவித்துக்கொண்டவர். ஃபொலாவின் தனிப்பட்ட ஸ்பான்சர்களில் லேண்ட் ரோவர் தான் கொடுத்த காரைத் திரும்பப் பெற்றது. அசிக்ஸ் உறவை முறித்தது. தனிப்பட்ட ஸ்பான்சர் விலகுவது அவர்களுடைய உரிமை. அதில் நான் குறை காணவில்லை. வேலை தருபவர் அதே வேகத்தில் நடப்பதுதான் சிக்கல். பதிவு வெளியான மறுநாளே, விசாரணை தொடங்கும் முன்பே, நீக்கப் போகிறோம் என்று பொதுவில் அறிவித்துவிட்டு அதன்பின் குழு அமைத்தால், அந்தக் குழு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் முடிவு முன்பே எழுதப்பட்டது என்ற ஐயத்தை அகற்ற முடியாது.

வழக்குச் செலவுக்காக அவர் 30 லட்சம் டாலர் திரட்ட முயன்றபோது கோஃபண்ட்மீ தளம் அந்தப் பக்கத்தை நீக்கி, வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்திரேலிய கிறித்தவ லாபி அமைப்பு 1 லட்சம் டாலர் கொடுத்துப் புதிய திரட்டலைத் தொடங்க, சில நாள்களில் 20 லட்சத்துக்கு மேல் சேர்ந்தது. வசதி படைத்த ஒரு வீரருக்கு மக்கள் பணம் கொடுக்கலாமா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானதே. ஆனால் கொடுத்தவர்களில் பலர் தங்களுடைய வேலையைப் பற்றிய அச்சத்தில்தான் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். முதலில் சுமார் 1 கோடி டாலராக இருந்த இழப்பீட்டுக் கோரிக்கை நவம்பரில் 1.4 கோடியாக உயர்ந்தது. அதே மாதம், நாட்டை வாட்டிய காட்டுத்தீயையும் வறட்சியையும் ஒருபாலினத் திருமணச் சட்டத்தோடும் கருக்கலைப்புச் சட்டத்தோடும் இணைத்து அவர் பிரசங்கம் செய்தார். வீடிழந்தவர்களின் துயரத்தின் நடுவே சொல்லப்பட்ட அந்தச் சொற்கள் அவரை ஆதரித்த சிலரையும் விலகச் செய்தன.

2019 டிசம்பர் 4 அன்று இரு தரப்பும் கூட்டறிக்கை வெளியிட்டன. ஃபொலாவுக்கும் அவர் மனைவிக்கும் நேர்ந்த மனவருத்தத்துக்கு ரக்பி ஆஸ்திரேலியாவும், விளையாட்டுக்கு நேர்ந்த பாதிப்புக்கு ஃபொலாவும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இரு தரப்பும் அது தங்கள் நோக்கமன்று என்றார்கள். தொகை வெளியிடப்படவில்லை.

அதே காலத்தின் மற்ற முடிவுகள்

ஃபொலாவின் பதிவுக்கு விருப்பக்குறி இட்டு, ஆண் பெண்ணுக்காகவே படைக்கப்பட்டான் என்று தாமும் எழுதிய இங்கிலாந்து வீரர் பில்லி வுனிபோலாவும் டோங்கா வம்சாவளியினரே. இங்கிலாந்தின் ரக்பி அமைப்பு அவருக்கு எழுத்துமூல எச்சரிக்கை கொடுத்தது. அவருடைய கிளப்பும் எச்சரித்தது. அவர் தொடர்ந்து ஆடினார். பதிவின் கடுமை வேறு, முந்தைய எச்சரிக்கை இல்லை என்பன உண்மைதான். ஆனால் எச்சரிக்கைக்கும் பணிநீக்கத்துக்கும் இடையில் அபராதம், சில ஆட்டங்களுக்கு இடைநீக்கம் என்று பல படிகள் உண்டு. ஃபொலாவ் அந்தப் படிகளில் ஒன்றில்கூட நிறுத்தப்படவில்லை. ஆடுகளத்தில் எதிரில் நிற்பவரின் முகத்துக்கு நேரே வசைச்சொல்லை எறிந்தவருக்கு அபராதமும், எட்டு வகையினரைப் பொதுவாக எச்சரித்தவருக்கு வாழ்வாதார இழப்பும் என்ற அளவுகோலை விளக்குவது கடினம். பதிவை நீக்க அவர் மறுத்ததும், மறுபடியும் செய்யமாட்டேன் என்று உறுதிதர மறுத்ததும் அமைப்பைக் கடைசிப் படிக்குத் தள்ளின என்பதே அதற்குத் தரக்கூடிய மிகச் சிறந்த விளக்கம். அதில் உண்மை இருக்கிறது என்பதால்தான் அமைப்பை நான் முழுமையாகக் குற்றம் சாட்டவில்லை.

2025 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், முகநூல் பதிவுகளுக்காக நீக்கப்பட்ட ஒரு கிறித்தவப் பள்ளி ஊழியரின் வழக்கில், ஆஸ்திரேலியாவில் கேட்கப்படாமலே போன கேள்விக்குத் தெளிவான விடை ஒன்றைத் தந்தது. ஒருவர் தம் நம்பிக்கையை வெளிப்படுத்தினார், அது முதலாளிக்கோ மூன்றாம் நபருக்கோ பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்குவது சட்டவிரோதம். வெளிப்படுத்திய விதத்தில் நியாயமாக ஆட்சேபிக்கத்தக்கது இருந்தால் நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் அது குற்றத்தின் அளவுக்குப் பொருத்தமாக இருந்ததென்று முதலாளி காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். இந்த அளவுகோல் நாட்டுக்கு நாடு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஃபொலாவ் நிகழ்வை இதில் வைத்துப் பார்த்தால் விவாதம் சரியான இடத்துக்கு வருகிறது: தண்டிக்கலாமா என்பதிலிருந்து, எவ்வளவு தண்டிக்கலாம் என்பதற்கு.

பின்னர் நடந்தவை

காஸில் 2020 ஏப்ரலில் பதவி விலகினார்; அதற்கு இந்த வழக்கைத் தவிர வேறு காரணங்களும் இருந்தன. ஃபொலாவ் பிரான்சின் கேட்டலன்ஸ் டிராகன்ஸ் அணியில் ரக்பி லீக் ஆடினார். பிறகு ஜப்பானில் ஆடினார். நாடு மாறி ஆடுவது பற்றிய உலக ரக்பியின் விதி தளர்த்தப்பட்டதும் 2022 ஜூலையில் தம் மூதாதையரின் நாடான டோங்காவுக்காகக் களமிறங்கினார். அதே மாதம் சிட்னியின் மேன்லி ரக்பி லீக் அணியில், வானவில் நிறம் பொறித்த சட்டையை அணிய ஏழு வீரர்கள் சமயக் காரணத்தால் மறுத்தனர். கிளப் அவர்களை முன்கூட்டியே கலந்துபேசவில்லை என்று பயிற்சியாளர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார், வீரர்கள் ஓர் ஆட்டத்தில் ஆடாமல் இருந்தார்கள், யாரும் நீக்கப்படவில்லை. பேச வேண்டியதை முதலிலேயே பேசாததன் விலையை அந்தக் கிளப்பும் செலுத்தியது, ஆனால் சிறிய தொகையாக.

ஆஸ்திரேலிய மத்திய அரசு 2019இல் வெளியிட்ட சமயப் பாகுபாட்டுத் தடை மசோதா வரைவில், ஆண்டு வருவாய் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பணி நேரத்துக்கு வெளியே ஊழியர் வெளியிடும் சமயக் கருத்தைக் கட்டுப்படுத்துவதற்கு வரம்பு விதிக்கும் விதி ஒன்று இருந்தது. அதை எல்லோரும் ஃபொலாவ் விதி என்றே அழைத்தார்கள். 2021 நவம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதா அறிமுகமானபோது அந்த விதி நீக்கப்பட்டிருந்தது. 2022 பிப்ரவரியில் கீழவையில் நிறைவேறிய மசோதா, மேலவையில் வாக்கெடுப்புக்கு வராமல் கைவிடப்பட்டது. ஆகவே அதே பதிவுக்காக அதே நகரில் ஒரு வீரர் மறுபடியும் நீக்கப்பட்டால், அவருடைய வழக்கறிஞர் முதலில் திறக்க வேண்டியது அதே 772ஆம் பிரிவைத்தான். சமயத்துக்காகவா, விதியை மீறியதற்காகவா என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் இன்னும் எவரும் விடை எழுதவில்லை.